ராம் நிரம்பி லினக்ஸ் உறைந்தால்: ஸ்வாப் கோப்பா, இசட்ராமா, இசட்ஸ்வாப்பா?

பிரௌசரில் பத்துப் பன்னிரண்டு டேப், பக்கத்தில் ஒரு லிப்ரேஆஃபிஸ் கோப்பு, கூடவே ஒரு வீடியோ கால். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப் திணற இவ்வளவு போதும். மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும், அப்புறம் நின்றுவிடும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடிப்போம்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெரும்பாலானவை ஸ்வாப் பற்றியவை: ராம் போதாதபோது அதில் உள்ள தரவைத் தள்ளி வைக்கும் இடம், வழக்கமாக டிஸ்க்கில் இருப்பது. ஸ்வாப்பைப் பெரிதாக்கு என்பார் ஒருவர், ஸ்வாப்பையே அணைத்துவிடு என்பார் இன்னொருவர். இசட்ராம் போடு, ஸ்வாப்பினஸ்ஸை 10 ஆக்கு என்பவர்களும் உண்டு (இரண்டும் என்ன என்பது கீழே வருகிறது). ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கணினிக்குச் சரிதான். உங்கள் கணினிக்கு எது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, நீங்கள் ஹைபர்னேட் (ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைப்பது) பயன்படுத்துகிறீர்களா. ஸ்வாப் எத்தனை ஜிபி என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில், ராம்தான் பிரச்சினையா?

டெர்மினலில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் வரும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பலர். அது குறைவாக இருப்பதுதான் இயல்பு. சும்மா கிடக்கும் ராமை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், டிஸ்க் கேச்சாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கேட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'அவைலபிள்' பத்தி. வேலை நடக்கும்போது அது சில நூறு எம்பிக்குக் கீழே போனால் உண்மையான நெருக்கடி.

அடுத்து விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு வினாடி இடைவெளியில் ஓடவிடுங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்று இரண்டு பத்திகள் வரும்: ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ஸ்வாப்புக்கு வெளியே போவது. எஸ்ஓ அவ்வப்போது எட்டிப் பார்த்தால் கவலை இல்லை. இரண்டும் சேர்ந்து விடாமல் ஓடினால், வெளியே தள்ளியதையே மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உறைந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். இரண்டும் பூஜ்யமாக இருந்து, 'அவைலபிள்' தாராளமாக இருந்தும் கணினி மெதுவாக ஓடினால், பிரச்சினை வேறு இடத்தில்: பழுதாகும் டிஸ்க், சூடேறிய பிராசஸர், கிராஃபிக்ஸ் டிரைவர், ஏதோ ஒன்று. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

ஸ்வாப்பை அணைத்துவிட்டால்?

ஸ்வாப் இல்லாவிட்டால் டிஸ்க்குக்குப் போக வழியில்லை, அதனால் உறையாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. ராமைக் கர்னல் பக்கங்கள் என்ற சிறு துண்டுகளாகக் கையாள்கிறது. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிரல்கள் தாங்களாக உருவாக்கிய தரவு. மற்றது, டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் நகல். பிரௌசரின் நிரல் பகுதியும் அதன் லைப்ரரிகளும் இதில் சேரும். ஸ்வாப் இல்லையென்றால் முதல் வகையைக் கர்னலால் எங்கும் தள்ள முடியாது. ஆகவே இரண்டாவது வகையைத் தூக்கி எறிகிறது. அடுத்த நொடியே அந்த நிரல் பகுதி தேவைப்பட, டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்கிறது. ஸ்வாப்பே இல்லாமல் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது இப்படித்தான். காலையில் திறந்து மறந்துபோன டேப்பின் தரவு ராமில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். இப்போது ஓடும் நிரலின் பக்கங்கள் வெளியே போய் வந்துகொண்டிருக்கும்.

16 ஜிபியோ 32 ஜிபியோ இருந்து, அது நிரம்பவே நிரம்பாத கணினியில் ஸ்வாப் இல்லாமல் இருக்கலாம். 4, 8 ஜிபிக்காரர்கள் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

டிஸ்க்கில் ஸ்வாப்

பார்ட்டிஷனா கோப்பா என்ற பழைய வாதத்துக்கு இன்று பெரிய பொருள் இல்லை. வேகத்தில் உணரக்கூடிய வித்தியாசம் கிடையாது, கோப்பாக இருந்தால் அளவை மாற்றுவது எளிது. உபுண்டு 17.04 பதிப்பிலிருந்தே தனிப் பார்ட்டிஷனுக்குப் பதில் கோப்பைத்தான் உருவாக்குகிறது. பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோர் மட்டும் கவனிக்க வேண்டும். அதில் ஸ்வாப் கோப்புக்கு ஆதரவு வந்ததே கர்னல் 5.0இல்தான். கோப்புக்குக் காப்பி-ஆன்-ரைட் அணைந்திருக்க வேண்டும், ஸ்வாப் கோப்பு இயங்கும் சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்கவும் முடியாது. அதற்கென்று தனிச் சப்வால்யூம் வைத்துவிடுவது நல்லது. 6.1 முதல் பிடிஆர்எஃப்எஸ் கருவித்தொகுப்பிலேயே இதைச் சரியாகச் செய்து தரும் எம்கேஸ்வாப்ஃபைல் என்ற துணைக்கட்டளை இருக்கிறது.

வித்தியாசம் டிஸ்க்கின் வகையில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5400 ஆர்பிஎம் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து படிக்கும்போது வினாடிக்கு எண்பது முறை படித்தாலே பெரிது. கர்னல் ஸ்வாப்பிலிருந்து ஒரு முறைக்கு எட்டுப் பக்கம், அதாவது 32 கேபி, சேர்த்து எடுப்பது இயல்பிருப்பு (டீஃபால்ட்). அரை ஜிபியைத் திரும்ப ராமுக்குக் கொண்டுவர 16,384 முறை படிக்க வேண்டும். எண்பதால் வகுத்தால் மூன்றரை நிமிடத்துக்கு அருகில் வருகிறது. குறுக்கே வேறு எழுத்து வேலையும் நடந்தால் இன்னும் இழுக்கும். ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்பைப் பெரிதாக்குவதால் உறைவது நிற்காது என்று சொல்வது இதனால்தான். 2 ஜிபி ஸ்வாப்பில் இரண்டு நிமிடம் உறைந்த கணினி, 8 ஜிபி ஸ்வாப்பில் பத்து நிமிடம் உறைந்துவிட்டு அப்புறம் சாகும்.

எஸ்எஸ்டியில் கதையே வேறு. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி கூட வினாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். டேப் மாறும்போது ஒரு சிறு தயக்கம் தெரியும், அவ்வளவுதான். 'ஸ்வாப் எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும்' என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு. 150 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டியில் தினம் 10 ஜிபி ஸ்வாப்பே எழுதினாலும் 15,000 நாள், அதாவது நாற்பது வருடம் ஓடும். அதற்குள் கீபோர்டு போயிருக்கும், கீல் போயிருக்கும். மலிவு லேப்டாப்களில் மதர்போர்டிலேயே பதித்து வரும் இஎம்எம்சி மட்டும் விதிவிலக்கு. அது வேகத்திலும் ஆயுளிலும் குறைவு, மாற்றவும் முடியாது. அதில் டிஸ்க் ஸ்வாப்பைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள்.

இசட்ராம்

ராமின் ஒரு பகுதியையே ஸ்வாப் சாதனம்போல் காட்டி, அதற்குள் தள்ளப்படும் பக்கங்களைச் சுருக்கி வைப்பது இசட்ராம். டிஸ்க் பக்கமே போவதில்லை. 2014இல் வந்த கர்னல் 3.14இலிருந்து முழு அங்கமாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களும் குரோம்புக்குகளும் குறைந்த ராமில் ஓடுவதில் இதற்குப் பங்குண்டு. ஃபெடோரா 33 பதிப்பில் டிஸ்க் ஸ்வாப்புக்குப் பதில் இதையே இயல்பிருப்பாக வைத்தார்கள்.

'ராமுக்குள்ளேயே ஸ்வாப் வைத்தால் என்ன லாபம்' என்று தோன்றும். பிரௌசர் தரவு பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்கு சுருங்கும். மூன்று மடங்கு என்றால் 3 ஜிபி அளவுக்கான பக்கங்கள் 1 ஜிபி இடத்தில் அடங்கும். மீதி 3 ஜிபி வழக்கம்போல் இருக்கிறது. ஆக 4 ஜிபி ராம் 6 ஜிபி போல நடந்துகொள்ளும். இரண்டு மடங்குதான் சுருங்கினால் 5 ஜிபி. விலையாகக் கொடுப்பது கொஞ்சம் சிபியு நேரம். ஒரு பக்கத்தை விரிக்க மைக்ரோவினாடிக் கணக்கில்தான் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஆவது மில்லிவினாடிக் கணக்கில். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் நான் யோசிக்காமல் சொல்வது இசட்ராம்தான். பத்து வருடப் பழைய செலரான் என்றால் எல்இசட்4 சுருக்கமுறை, அதைவிடப் புதியது என்றால் இசட்ஸ்டாண்டர்டு. முன்னது வேகம், பின்னது அதிகம் சுருக்கும்.

டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் இசட்ராம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். அதன் அமைப்புக் கோப்பில் சுருக்கமுறைக்கு ஒரு வரி, ராமில் எத்தனை சதவீதம் என்பதற்கு ஒரு வரி. மாற்றிவிட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. உபுண்டுவில் இசட்ராம்-கன்ஃபிக் என்று இன்னொரு தொகுப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நிறுவாதீர்கள், இரண்டும் செய்வது ஒரே வேலை. அளவைப் பொறுத்தவரை ஃபெடோரா 34 முதல் பின்பற்றும் விதி நல்ல தொடக்கம்: ராம் எவ்வளவோ அவ்வளவு, ஆனால் 8 ஜிபிக்கு மேல் வேண்டாம். இந்த அளவு சுருங்குவதற்கு முந்தைய கணக்கு என்பதால் 4 ஜிபி ராமில் 4 ஜிபி இசட்ராம் என்பது முரண்பாடு இல்லை.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இசட்ராமுக்குள் போன பக்கம், யாராவது கேட்கும்வரை அங்கேயே கிடக்கும். கூடவே டிஸ்க் ஸ்வாப்பும் வைத்து, இசட்ராமுக்கு அதிக முன்னுரிமை கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் வெளியேறுவது பழைய, தேவையற்ற பக்கங்கள். அவை வேகமான இசட்ராமை நிரப்பிவிடும். பிறகு வெளியேறும், நாம் கொஞ்ச நேரம் முன்புவரை பயன்படுத்திய பக்கங்களுக்கு மெதுவான டிஸ்க்தான் மிச்சம். முதலில் வந்த சும்மா ஆட்கள் நிழலில் உட்கார்ந்துகொள்ள, வேலைக்காரர்கள் வெயிலில் நிற்கிற கதை.

இசட்ஸ்வாப்

இசட்ஸ்வாப் இதை நேர்மாறாகச் செய்கிறது. இது தனி ஸ்வாப் சாதனம் அல்ல. டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நிற்கும், சுருக்கி வைக்கும் ஒரு கேச். டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கங்களை இடைமறித்து ராமிலேயே சுருக்கி வைக்கிறது. இடம் நிரம்பினால் உள்ளே இருப்பதில் பழையதை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, புதியதை வைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு கெடுவதில்லை.

ஆனால் பின்னால் உண்மையான டிஸ்க் ஸ்வாப் இருந்தாக வேண்டும். ராமில் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது இயல்பிருப்பு. நிறுவ எதுவும் இல்லை, கர்னலிலேயே இருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் கர்னல் வரியோடு இசட்ஸ்வாப்.எனேபிள்டு மதிப்பை 1 என்று சேர்த்து, கிரப்பைப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்தால் இயங்கும். ஆர்ச்சின் கர்னலில் முன்பே இயங்கிய நிலையில்தான் வருகிறது. இதை அறியாமல் ஆர்ச்சில் இசட்ராமையும் போட்டால் ஒன்றின் முன்னால் ஒன்றாக இரண்டும் சுருக்க முயலும். இசட்ராம் வேண்டும் என்றால் இசட்ஸ்வாப்பை அணைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி இருக்கிறது, 8 ஜிபி ராம், சில நாள் மட்டும் ராம் எல்லை மீறுகிறது என்பவர்களுக்கு என் தேர்வு இதுதான்: 8 ஜிபி ஸ்வாப் கோப்பு, முன்னால் இசட்ஸ்வாப். பெரிய நிரலைக் கம்பைல் செய்பவர்களுக்கும், ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓரமாக நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும் இது இசட்ராமைவிடப் பொருந்தும். மணிக்கணக்கில் தொடாத சில ஜிபி தரவு ராமை விட்டே வெளியேறிவிடும் அல்லவா? இசட்ராமில் அது சுருங்கிய வடிவில் ராமுக்குள்ளேயே இருக்கும்.

ஹைபர்னேட் வேண்டும் என்றால்

ராமின் உள்ளடக்கத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுதாக அணைப்பது ஹைபர்னேட். இசட்ராம் இருப்பது ராமில் என்பதால் அதில் இது நடக்காது. டிஸ்க் ஸ்வாப் கட்டாயம், ராம் அளவுக்கு வைத்துக்கொண்டால் நிம்மதி. கோப்பாக வைத்தால் அந்தக் கோப்பு டிஸ்க்கில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணையும் கர்னல் வரியில் கொடுக்க வேண்டும். பார்ட்டிஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பார்ட்டிஷன் முந்தும் ஒரே இடம் இதுதான்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கர்னல் ஹைபர்னேட்டை மறுத்துவிடும். முதலில் அதைப் பாருங்கள். ஸ்வாப் அமைப்பை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்கியவர்கள் உண்டு. சஸ்பெண்ட்டே போதும் என்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

குறியாக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஹோம் கோப்புறையை மட்டும் என்கிரிப்ட் செய்து, ஸ்வாப் பார்ட்டிஷனைத் திறந்து வைத்திருந்தால், ராமில் இருந்த கடவுச்சொல்லோ கடிதமோ அந்தப் பார்ட்டிஷனில் வெறுமனே எழுதப்பட்டிருக்கலாம். முழு டிஸ்க்கும் என்கிரிப்ட் ஆகியிருந்து, ஸ்வாப் கோப்பு அதற்குள் இருந்தால் கவலை இல்லை. இசட்ராமில் இந்தக் கேள்வியே எழாது.

ஸ்வாப்பினஸ் 10 என்ற பழக்கம்

லினக்ஸ் நிறுவியதும் செய்ய வேண்டியவை என்ற பட்டியல்களில் இது தவறாமல் இருக்கும். இயல்பிருப்பு 60, அதை 10 ஆக்கினால் ஸ்வாப்பைக் கடைசிவரை தொடாது என்பார்கள். உண்மையில் இந்த எண் கர்னலுக்கு ஒரு விலைப்பட்டியல்: ஸ்வாப் செய்வது எவ்வளவு செலவு, கோப்புப் பக்கத்தை எறிந்துவிட்டு மறுபடி படிப்பது எவ்வளவு செலவு. 100 என்றால் இரண்டும் சமம். கர்னல் 5.8இலிருந்து 200 வரை வைக்கலாம். ஹார்ட் டிஸ்க் ஸ்வாப்புக்குக் குறைந்த எண் ஓரளவு நியாயம். இசட்ராமுக்கு அதே 10 வைப்பது, மலிவான வழியைப் பூட்டிவிட்டு விலை அதிகமான வழியில் போகச் சொல்வதாகும். இசட்ராம் போட்டால் இதை 100க்கு மேலே கொண்டுபோங்கள். பாப் ஓஎஸ் 180 வைக்கிறது, நானும் அதையே சொல்வேன். கூடவே, எட்டுப் பக்கம் சேர்த்து எடுக்கச் சொல்லும் பேஜ்-கிளஸ்டர் அமைப்பைப் பூஜ்யமாக்குங்கள். அது சுழலும் டிஸ்க்குக்காக வந்தது. இசட்ராமில் தேவையில்லாத பக்கங்களை விரிக்கும் வீண் வேலை.

எல்லாம் நிரம்பிய பிறகு

எந்த ஸ்வாப் வைத்தாலும் ஒருநாள் நிரம்பும். அப்போது ஒரு நிரலைக் கொன்றாக வேண்டும். அதைச் செய்யும் கர்னலின் சொந்தப் பகுதி, ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர், டெஸ்க்டாப்புக்கு மிகத் தாமதம். ஒரு பக்கம்கூடத் தேற்ற முடியாது என்ற நிலை வரும்வரை அது காத்திருக்கிறது; அதற்குள் நாம் பவர் பட்டனுக்குப் போயிருப்போம்.

முந்திக்கொண்டு கொல்ல இரண்டு கருவிகள். ஒன்று சிஸ்டம்டி-ஓஓஎம்டி. கர்னல் 4.20இல் வந்த நெருக்கடி அளவீட்டை வைத்து முடிவு செய்கிறது. ஃபெடோரா 34இலும் உபுண்டு 22.04இலும் இயல்பிருப்பாக வந்தது. அளவீடு நுட்பமானது, அடி முரட்டுத்தனமானது. தனி நிரலை அல்லாமல் அது சேர்ந்த குழுவையே கொல்வதால் ஒரு டேப்புக்காக மொத்தப் பிரௌசரும் போய்விடும். உபுண்டு 22.04 வந்த புதிதில் இப்படிப் பிரௌசர் சொல்லாமல் மறைவதாக நிறையப் புகார் எழுந்தது.

மற்றது எர்லிஓஓஎம். எளிமையானது. கிடைக்கும் ராம், காலி ஸ்வாப் இரண்டும் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், கர்னல் வைத்திருக்கும் மதிப்பெண்ணில் முதலிடத்தில் உள்ள நிரலை முடித்துக்கொள்ளச் சொல்கிறது. 5 சதவீதத்துக்கும் கீழே போனால் கேட்காமல் கொல்கிறது. குரோம் தன் டேப்களுக்கு முன்கூட்டியே அதிக மதிப்பெண் போட்டு வைத்திருப்பதால் பெரும்பாலும் ஒரு டேப் மட்டும் சாகும், ஜன்னல் பிழைக்கும். தொடக்கூடாத நிரல்களின் பெயரையும் குறிப்பிடலாம். குறைந்த ராம் டெஸ்க்டாப்பில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஓஓஎம்டி ஏற்கெனவே இயங்கினால் அதை நிறுத்திவிட்டு இதை நிறுவுங்கள்.

கையால் கொல்லவும் வழி இருக்கிறது: ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் விசை. கர்னலின் ஓஓஎம் கில்லரை நாமே எழுப்புவது இது. உபுண்டுவில் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் இத்தகைய விசைகளில் எவை செல்லும் என்று சொல்லும் எண் அதில் இயல்பிருப்பாக 176, அந்த மதிப்பில் இந்த அனுமதி இல்லை. சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் கர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்போடு 64ஐக் கூட்டி 240 ஆக்கினால் வேலை செய்யும். பூட்டிய திரைக்கு முன் நிற்பவரும் இதை அழுத்த முடியும் என்பதால் பலர் புழங்கும் கணினியில் வேண்டாம்.

ராம் வாங்குவது

இத்தனைக்கும் முன்னால் லேப்டாப்பின் அடிப்பலகையைத் திறந்து ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. டிஎம்ஐடிகோட் கட்டளையும் சொல்லும், ஆனால் சில பயாஸ்கள் தவறான தகவல் தருவதால் கண்ணால் பார்ப்பதே உறுதி. 4 ஜிபியை 8 ஆக்கினால் மேலே சொன்ன எந்தச் சுருக்கமுறையும் அதற்கு ஈடாகாது. ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள கணினியில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, எஸ்எஸ்டியா ராமா என்றால், நான் எஸ்எஸ்டி என்பேன். கணினி தொடங்குவது, நிரல் திறப்பது, ஸ்வாப் மூன்றும் அதில் மாறும். ராம் குறையை இசட்ராம் ஓரளவு தாங்கும். ராம் மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டிருந்தால் தேர்வே இல்லை.

எதைப் போட்டாலும் ஒரு வாரம் வழக்கமான வேலை செய்துவிட்டு அளந்து பாருங்கள். இசட்ராமுக்கு இசட்ராம்கன்ட்ரோல் கட்டளை உள்ளே போன அளவையும் சுருங்கிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இசட்ஸ்வாப்புக்கு, கர்னல் 5.19இலிருந்து ப்ராக் கோப்புறையின் மெம்இன்ஃபோ கோப்பில் இரண்டு வரிகள் உண்டு. இரண்டு மடங்குகூடச் சுருங்கவில்லை என்றால் உங்கள் தரவு ஏற்கெனவே சுருங்கிய வகை. அப்போது இசட்ராமின் அளவைப் பாதியாக்கிவிட்டு, எஸ்எஸ்டி இருந்தால் ஸ்வாப் கோப்புக்கே திரும்புங்கள்.